அயர்லாந்தில் வேர் தேடுகிறீர்களா? பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

என் மாமனார் மெல்போர்னில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஃபிலிப் ஸ்மித் 1880களில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஊர் கேவன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எங்கோ. வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். எண்பது வயதைத் தொட்ட மனிதர், தாத்தா பிறந்த மண் எது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

பதினான்கு மாதம் ஆனது. அதில் முதல் எட்டு மாதம் முழுக்க வீண். கேவனில் இருந்த ஸ்மித்துகளையெல்லாம் ஒவ்வொருவராகத் துருவிக்கொண்டிருந்தேன். நாங்கள் தேடிய குழந்தையோ ஸ்மித் என்ற பெயரில் பதிவாகியிருக்கவே இல்லை. அந்த எட்டு மாதத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கடல் தாண்டுமுன் இந்தப் பக்கத்துக் காகிதங்களை முடித்துவிடுங்கள்

எல்லோரும் முதல் நாளே அயர்லாந்து இணையதளங்களுக்குள் குதிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஊர்ப் பெயரும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் பெரும்பாலும் குடியேறிய நாட்டுக் காகிதங்களில்தான் கிடைக்கும்.

ஆஸ்திரேலியா என்றால் இறப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் பழைய இறப்புச் சான்றிதழ்களில் இறந்தவருடைய தாய் தந்தை பெயருக்கு இடம் உண்டு. எங்களுக்குத் தாயின் பெயர் ரோஸ் பிரேடி என்று அதிலிருந்துதான் தெரிந்தது. அமெரிக்க ஆவணங்களில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறுமனே ‘அயர்லாந்து’ என்று எழுதி முடித்திருப்பார்கள். அங்கே கல்லறைக் கல், தேவாலயத் திருமணப் பதிவு, செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒருவர் விடாமல் அவர்களுடைய காகிதங்களையும் தேடுங்கள். உங்கள் முன்னோரின் கல்லறையில் இல்லாத ஊர்ப் பெயர் அவருடைய தங்கையின் கல்லறையில் இருக்கலாம்.

பெரம்பூர், பரங்கிமலை, பொன்மலை, போத்தனூர்ப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்குப் பாதை சற்று வேறு. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. முன்னோர் படைவீரர் என்றால் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய ஓய்வுக் காகிதத்தைத் தேடுங்கள். பிறந்த பங்கும் (ஆங்கிலத்தில் பாரிஷ், தேவாலய வட்டாரம்) கவுண்டியும் அதில் எழுதப்பட்டிருப்பது வழக்கம்.

2. குடும்பப் பெயருக்குத் தனியாக ஒரு தாள் போடுங்கள்

ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் பாதிரியாராகவோ, பதிவாளராகவோ, வரி மதிப்பீட்டாளராகவோ இருந்தார். அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் ஒரே ஆள் ஐந்து ஏட்டில் ஐந்து பெயரில் இருப்பார். மாற்றங்கள் நான்கு வகை.

முன்னொட்டு போவதும் வருவதும் முதல் வகை. ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன். ‘மாக்’ என்றால் மகன். அப்பா ரைலி, மகன் ஓ ரைலி என்று இருப்பது சர்வசாதாரணம். சல்லிவன், ஓ சல்லிவன் என்று இரண்டையும் எப்போதும் தேடுங்கள்.

இரண்டாவது எழுத்து மாற்றம். ஸ்மித்தை ‘ஐ’ போட்டும் எழுதுவார்கள், ‘வொய்’ போட்டும் எழுதுவார்கள். ‘மாக்’ என்ற முன்னொட்டு மெக் என்றும் வரும்; அதில் ‘ஏ’ இருக்கும், இருக்காது.

மூன்றாவது வகையில்தான் நான் விழுந்தேன். பெயரையே மொழிபெயர்த்துவிடுவார்கள். ஐரிஷில் ‘கவ’ என்றால் கொல்லன். மாக் கவன் என்றால் கொல்லன் மகன். அது ஆங்கிலத்தில் ஒலிப்படி மெக்கவன் ஆயிற்று; பொருள்படி ஸ்மித் ஆயிற்று. கேவனில் இந்த இரண்டாவது வடிவம் மிகுதி. இப்படியே க்ளியரிகள் சில இடங்களில் க்ளார்க் ஆனார்கள், மெக்ரோரிகள் ராஜர்ஸ் ஆனார்கள், கான்ராய்கள் சிலர் கிங் ஆனார்கள். உங்கள் முன்னோரின் பெயர் அச்சு அசலான ஆங்கிலப் பெயராக இருந்தால், அதன் பின்னால் ஐரிஷ் பெயர் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான்காவது, பெண்களின் ஐரிஷ் வடிவம். 1911 கணக்கெடுப்புப் படிவத்தைச் சிலர் ஐரிஷிலேயே நிரப்பியிருக்கிறார்கள். அதில் மணமாகாத பெண்ணின் குடும்பப் பெயருக்கு முன் ‘ஓ’வுக்குப் பதில் ‘நீ’ வரும், ‘மாக்’குக்குப் பதில் ‘நிக்’ வரும். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் என்று குழம்ப வேண்டாம்.

முதற்பெயருக்கும் இதே தாளில் இடம் விடுங்கள். பிரிட்ஜெட் என்பவர் பிடி, டெலியா, பெடிலியா என்றெல்லாம் வருவார். நோராவும் ஹனோராவும் ஒருவரே. டைக் என்ற ஐரிஷ் பெயர் டிமதி, தடேயஸ், டிம் என்று மாறும். டர்பி என்பவர் ஜெரமையா ஆவார். ஓவன் யூஜீன் ஆவார்.

பெயர் வைக்கும் முறையும் துப்புக் கொடுக்கும். பல குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். பெயரனே பேரன் ஆன மொழி நம்முடையது, இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாக் குடும்பமும் இதைக் கடைப்பிடித்தது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

3. இடத்தின் அடுக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு நாள் செலவழித்தாலும் சரி, இதைப் படித்துவிட்டு மேலே போங்கள். பெயர் எத்தனை உருவம் எடுத்தாலும் நிலம் நகராது. ஐரிஷ் தேடலில் உங்கள் கையில் இருக்கும் ஒரே நிலையான பொருள் இடம்தான்.

மிகச் சிறிய அலகு டவுன்லாண்ட். சில நூறு ஏக்கர் கொண்ட, பெயருள்ள நிலப்பரப்பு அது. ‘டவுன்’ என்ற சொல் இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தீவு முழுவதும் 60,000க்கும் மேல் இருக்கின்றன. அதற்கு மேல் சிவில் பங்கு (அரசுக் கணக்குக்கான பங்கு), பேரனி (பல பங்குகள் சேர்ந்த பழைய பிரிவு), ஏழைச் சட்ட ஒன்றியம் (ஏழைகளுக்கு உதவ வகுத்த நிர்வாக வட்டாரம்), கவுண்டி.

இங்கே மூன்று குழிகள். முதலாவது, சிவில் பங்கும் கத்தோலிக்கப் பங்கும் ஒன்றல்ல. எல்லையும் வேறு, பல இடங்களில் பெயரும் வேறு. நில ஆவணம் சிவில் பங்குப்படி இருக்கும், ஞானஸ்நானம் கத்தோலிக்கப் பங்குப்படி இருக்கும். இரண்டாவது, பிறப்பு இறப்புப் பதிவுகள் ஏழைச் சட்ட ஒன்றியத்தின்படி பிரிக்கப்பட்டவை. ஒன்றியம் கவுண்டி எல்லையை மதிக்காது. தெற்குக் கேவனில் பிறந்த குழந்தை லாங்ஃபோர்டு கவுண்டியின் கிரானர்டு ஒன்றியத்திலோ, மீத் கவுண்டியின் ஓல்டுகாசில் ஒன்றியத்திலோ பதிவாகியிருக்கலாம். கேவன் என்று மட்டும் வடிகட்டித் தேடினால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். மூன்றாவது, பழைய பெயர்கள். கிங்ஸ் கவுண்டி இன்றைய ஆஃபலி. குயின்ஸ் கவுண்டி இன்றைய லீஷ். குயின்ஸ்டவுன் இன்றைய கோவ்.

டவுன்லாண்ட் பெயர்களின் எழுத்துக்கூட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அரசின் இடப்பெயர்த் தளமான லோகனிம்மில் ஐரிஷ் வடிவத்தையும் பழைய வடிவங்களையும் பார்க்கலாம், இலவசம். ‘பாலி’ என்று தொடங்குவது ஊர், ‘நாக்’ குன்று, ‘டெரி’ ஓக் மரக்காடு. இதை அறிந்தால் பாட்டி வாயில் சிதைந்துபோன ஊர்ப் பெயரையும் ஓரளவு மீட்டுவிடலாம்.

4. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள்

அரசுப் பதிவு எல்லோருக்கும் தொடங்கியது 1864 ஜனவரி 1. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதல் உண்டு. ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ என்ற அரசுத் தளத்தில் நூறு ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். இதையே பணம் வாங்கிக்கொண்டு காட்டும் தளங்கள் இருக்கின்றன. முதலில் இங்கே பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டுப் பிறப்புகளுக்கான தேடல் பட்டியலில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இல்லை. படத்தைத் திறந்தால்தான் தெரியும். ஒவ்வொன்றாகத் திறப்பதற்குப் பொறுமை வேண்டும். திறந்தவற்றைக் குறித்துவையுங்கள், நான் குறிக்காமல் ஒரே படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

பிறந்த தேதியை வேதவாக்காக எடுக்காதீர்கள். குறித்த கெடுவுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது விதி. தாமதமாகப் போனவர்கள் அபராதத்துக்குப் பயந்து தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் இதனால்தான் ஏடுகளில் இருக்கிறார்கள். அப்படி முரண்பட்டால் ஞானஸ்நானத் தேதியையே நம்புங்கள்.

செலவு: ஆராய்ச்சிக்கான சாதாரண நகல் 5 யூரோ, முழுச் சான்றிதழ் 20 யூரோ. குடும்ப மரத்துக்கு நகலே போதும், இலவசப் படம் கிடைத்தால் அதுவும் வேண்டாம். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள்தான் முழுச் சான்றிதழ் வாங்க வேண்டும். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேரலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 278 யூரோ, 18 வயதுக்குக் கீழ் 153 யூரோ. கொள்ளுத்தாத்தா என்றால், நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும். என் மாமனாருக்குத் தகுதி இருந்தது, என் கணவருக்கு இல்லை. குடியுரிமைக்காகத் தொடங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு 1921 வரையிலான பிறப்புகள் மேற்சொன்ன தளத்திலேயே உண்டு. அதற்குப் பிந்தியவற்றுக்கு பெல்ஃபாஸ்ட் பதிவகத்தின் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்க வேண்டும்.

5. கத்தோலிக்கப் பங்கு ஏடுகள்

டப்ளினில் உள்ள தேசிய நூலகம் சுமார் 1880 வரையிலான பங்கு ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தத் தளத்தில் பெயரைத் தட்டித் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்களில் இருக்கிறது. சந்தா கட்டுவதாக இருந்தால் கேள்விகளையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

எங்கள் முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஃபிலிப், தாய் ரோஸ் பிரேடி, 1866க்கு முன்பின் மூன்று ஆண்டு, கேவன் என்று மட்டும் கொடுத்தேன். வந்தது ஃபிலிப் கவன். அதே தாய் தந்தைக்கு அதே பங்கில் பிறந்த அக்கா மெக்கவன், தம்பி ஸ்மித். மூன்று குழந்தை, மூன்று குடும்பப் பெயர், ஒரே டவுன்லாண்ட். அந்த இரவு மாமனாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பித்தான் சொன்னேன்.

ஏடு லத்தீனில் இருக்கலாம்: ஜேம்ஸ் ஜாகோபஸ் ஆகவும், வில்லியம் குலியெல்மஸ் ஆகவும் இருப்பார்கள். ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமன்தான்.

6. 1901, 1911 கணக்கெடுப்புகள்

அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இவை இரண்டும் இலவசம். முந்தையவற்றில் பெரும்பகுதி இல்லை: 1821 முதல் 1851 வரை எடுத்தவை 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது பெரும்பாலும் போயின, 1861 முதல் 1891 வரையிலான நான்கும் அரசாலேயே அழிக்கப்பட்டன. கேவன்காரர்களுக்கு ஒரு நற்செய்தி, 1821 ஏடுகளில் தப்பியவற்றில் கேவனின் சில பங்குகளும் உண்டு. 1926 கணக்கெடுப்பை நூறு ஆண்டு மூடிவைக்கும் கெடு 2026 ஏப்ரலோடு சரி.

கப்பலேறியவர் இதில் இருக்க மாட்டார். ஊரில் தங்கிவிட்ட அண்ணனைத் தேடுங்கள், நிலம் அவரிடம்தான் இருக்கும். குடும்பப் படிவத்தோடு நின்றுவிடாமல் வீட்டுப் படிவத்தையும் திறங்கள். சுவர், கூரை, சன்னல் எண்ணிக்கையோடு, அந்த வீடு யாருடைய நிலத்தில் இருக்கிறது என்றும் அதில் எழுதியிருப்பார்கள். 1911 படிவத்தில் மணமான பெண்ணிடம் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

பத்து ஆண்டில் பதினைந்து வயது கூடியிருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது, பலருடைய வயது வேகமாக ஏறியது. வயதை நிரூபிக்க அன்று 1841, 1851 ஏடுகளில் தேடச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பங்கள் இன்றும் அதே காப்பகத்தில் இருக்கின்றன. எரிந்துபோன ஏடுகளில் என்ன இருந்தது என்பதற்குச் சில குடும்பங்களுக்கு அது ஒன்றே சாட்சி.

7. கிரிஃபித் மதிப்பீடு

நில ஆவணங்களில் முதலில் தொட வேண்டியது, வரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட இந்தப் பட்டியல். 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளியானது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். நம் ஊர் அடங்கலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைப் படிப்பது எளிது: வரைபட எண், அனுபவத்தில் வைத்திருப்பவர் பெயர், குத்தகைக்கு விட்டவர் பெயர், வீடா நிலமா என்ற விவரம், பரப்பு, மதிப்பு.

குடும்பப் பெயர் போட்டுத் தேடாதீர்கள். டவுன்லாண்டைப் போட்டு அங்கிருந்த அத்தனை பேரையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் டவுன்லாண்டில் இரண்டு ஜேம்ஸ் ஸ்மித் இருந்தார்கள். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஃபிலிப் என்று இருந்தது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் தந்தை பெயரை அப்படிச் சேர்ப்பார்கள், நம் இனிஷியல் மாதிரி. ஃபிலிப்பின் மகன் ஜேம்ஸ் என்று பொருள். அந்த ஜேம்ஸ்தான் எங்கள் ஃபிலிப்பின் தந்தை: பேரனுக்குத் தாத்தா பெயர் என்ற வழக்கத்தோடு அது அப்படியே பொருந்தியது. சில சமயம் அடைப்புக்குள் தந்தை பெயருக்குப் பதில் தலைமுடி நிறமோ தொழிலோ இருக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்து இருந்தால் ஒரே ஆளின் வெவ்வேறு துண்டு நிலங்கள். சிறிய எழுத்து பெரும்பாலும் வீட்டைக் குறிக்கும். குத்தகைக்கு விட்டவர் என்று இருப்பவரே ஜமீன்தார் என்று எண்ணாதீர்கள், இடையில் உள்ள உள்குத்தகைக்காரராகவும் இருக்கலாம். வீட்டுத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். கூலிக்காரராக அண்ணன் வீட்டில் தங்கியிருந்தவர் இதில் வரமாட்டார், இல்லை என்பதால் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவுகட்டாதீர்கள்.

8. திருத்தப் புத்தகங்கள்

கிரிஃபித்துக்குப் பிறகு நிலம் கைமாறும் போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். ரத்துப் புத்தகங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 1850களின் பெயரை 1901 கணக்கெடுப்பின் பெயரோடு கட்டும் கயிறு இதுதான். அந்த ஜேம்ஸின் நிலம் யார் கைக்குப் போனது என்று பிடித்துக்கொண்டே வந்தால் 1901இல் இருக்கும் வீட்டில் போய் நிற்பீர்கள்.

வட அயர்லாந்துக்கு உரியவை, 1933 வரை, பெல்ஃபாஸ்ட் பொது ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். குடியரசுப் பகுதிக்கு உரியவை, 2023இல் நில அலுவலகங்களை இணைத்து உருவான டால்டெ ஏரன் என்ற அமைப்பின் பொறுப்பில் வந்தன. டப்ளினுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன் எழுதிக் கேளுங்கள். கவுண்டி, தேர்தல் பிரிவு, டவுன்லாண்ட் மூன்றையும் சொன்னால்தான் சரியான புத்தகத்தை எடுக்க முடியும். நகல் கேட்டால் வண்ண நகல் கேளுங்கள். கறுப்பு வெள்ளையில் வந்த நகலில் எந்த ஆண்டு எந்தப் பெயர் என்று எங்களால் பிரிக்கவே முடியவில்லை, இன்னொரு முறை கேட்டு வாங்கினோம்.

ஓரத்து ஆண்டை இறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுவலர் வந்து திருத்திய ஆண்டு அது. சாவுக்கும் திருத்தத்துக்கும் இடையே பல ஆண்டு போயிருக்கலாம். ‘எல்ஏபி’ என்ற முத்திரை இருந்தால், நிலச் சட்டத்தின்கீழ் குத்தகைக்காரரே நிலத்தை வாங்கிவிட்டார் என்று பொருள்.

9. இன்னும் பின்னே போக: தசமபாக வரி ஏடுகள்

அரசுத் திருச்சபைக்காக நிலத்தின்மேல் விதித்த வரியின் ஏடுகள் இவை, 1823 முதல் 1837 வரை எடுத்தவை. குடியரசுப் பகுதிக்கு உரியவை தேசிய ஆவணக் காப்பகத்தில் இலவசம். பெரும்பாலும் பெயரும் பரப்பும் வரியும்தான். நகரத்தாரும் நிலமற்றோரும் இல்லை. பரப்பு பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கரில் இருக்கும். ஒரு ஐரிஷ் ஏக்கர் என்பது வழக்கமான ஏக்கரில் 1.62. இங்கே 12 ஏக்கர், கிரிஃபித்தில் ஏறத்தாழ 19½ ஏக்கர் என்றால் குடும்பம் நிலம் வாங்கிச் சேர்க்கவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம் டப்ளின் ஹென்ரியட்டா தெருவில் இருக்கிறது. சிறு குத்தகைக் குடும்பங்களுக்கு அதில் பெரிதாக எதுவும் கிடைக்காது. நிலக்கிழாரின் எஸ்டேட் ஆவணங்கள், வாடகைப் புத்தகங்கள் தேசிய நூலகத்தில் உள்ளனவா என்று கிரிஃபித்தில் கண்ட, குத்தகைக்கு விட்டவர் பெயரை வைத்துப் பாருங்கள், அது பயனுள்ள வேலை.

10. இன்றைய உரிமையாளருக்கு எழுதும்போது

1892 முதல் நிலப் பதிவகத்தில் பதிவான நிலத்துக்கு ஃபோலியோ என்ற பட்டா போன்ற தாள் உண்டு. இணையத்தில் 5 யூரோ கட்டி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்றைய உரிமையாளர் பெயர் அதில் இருக்கும்.

பெயர் தெரிந்ததும் நேரே போய்க் கதவைத் தட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து ‘இது எங்கள் தாத்தா நிலம்’ என்றால் எந்த விவசாயிக்கும் வயிறு கலங்கும். பங்குத் தந்தைக்கோ உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கோ முதலில் எழுதுங்கள். உரிமையாளருக்கு எழுதினால் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். முதல் பத்தியிலேயே நிலத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கிரிஃபித் வரைபடத்தின் நகலில் வீட்டு எண்ணை வட்டமிட்டு, குடும்பத்தில் யார் எப்போது போனார்கள் என்று நான்கு வரி சேருங்கள். எங்களுக்கு ஆறு வாரத்தில் பதில் வந்தது. தம்பி ஸ்மித்தின் வழிவந்தவர்கள். பழைய வீட்டின் ஒரு சுவர் இன்னும் நிற்கிறது, மாட்டுக்கொட்டிலின் பின்சுவராக. பார்க்க வருவதாக இருந்தால் மே மாதம் வாருங்கள், அதற்கு முன் வயல் முழுக்கச் சேறு என்று எழுதியிருந்தார்கள்.